அம்மா வெட்டிய வால்

அம்மா போன பிறகு, அவள் வேலை செய்த ஆய்வுக்கூடத்திலிருந்து அவளுடைய படம் ஒன்றைக் கேட்டார்கள். தாழ்வாரச் சுவரில் மாட்டுவதற்கு. நல்லதாக ஒன்று இருந்தால் போதும் என்றார்கள். வீட்டில் நல்லதாக ஒன்றுகூட இல்லை.

அம்மா எந்தப் படத்திலும் சரியாக விழுந்ததில்லை. கல்யாணப் படத்தில் அப்பா தூண் மாதிரி நிற்கிறார். பக்கத்தில் மணப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த புகை மாதிரி ஏதோ இருக்கிறது. நான் கைக்குழந்தையாக இருக்கும் படத்தில் நான் தெளிவாக அழுகிறேன். என்னைத் தூக்கி வைத்திருப்பவளுக்கு மூன்று மூக்கு. படம் எடுப்பவர் "அசையாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்துவிடும்.

"கால்ல சக்கரத்தோட பொறந்தவ" என்பார் அப்பா. அவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர். "ஊருக்கெல்லாம் டிக்கெட் குடுத்தேன், நான் எங்கயும் போகல. உங்கம்மாவுக்கு டிக்கெட்டே வேணாம்."

அம்மா நின்றுகொண்டே சாப்பிடுவாள். போனில் பேசினால் வீட்டை நான்கு முறை சுற்றிவிட்டுத்தான் வைப்பாள். சாப்பாட்டு மேசையில் அவளுடைய நாற்காலியில் எப்போதும் இஸ்திரி போட வேண்டிய துணி குவிந்திருக்கும். நான் லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற வேலையில் சேர்ந்ததும், "நீ பாத்த லிஃப்ட்டுன்னு தெரிஞ்சா ஏற மாட்டேன். உன் அவசரம் எனக்குத் தெரியும்" என்றாள். உண்மையில் அவள் எந்த லிஃப்ட்டிலும் ஏறியதில்லை. உள்ளே சும்மா நிற்க வேண்டும் என்பதுதான் காரணம்.

அப்படிப்பட்டவளுக்கு அமைந்த வேலை, புரதங்களைப் பிரித்தெடுப்பது. செல்களை வளர்க்க வேண்டும். உடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான சரக்கிலிருந்து வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்து, சுத்தமாக ஒரு துளி எடுக்க வேண்டும். குளிர் அறையில் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அவள் நிற்க மாட்டாள். சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் நடப்பாள்.

அந்த ஒரு துளியில் இருந்தது என்ன என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

ஒரு செல் இரண்டாகும்போது அதன் குரோமோசோம்கள் முதலில் இரட்டையாகும். பிறகு ஒவ்வொரு ஜோடியும் பிரிந்து ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் போக வேண்டும். செல்லின் இரண்டு கோடிகளிலிருந்தும் கயிறுகள் வரும். நுண்குழல் என்று அதற்குப் பெயர், ஆனால் அம்மா கயிறு என்றே சொல்வாள், நானும் அப்படியே சொல்கிறேன். கயிறு குரோமோசோமில் நேராகக் கட்டப்படுவதில்லை. நடுவில் ஒரு பிடி இருக்கிறது. பல டஜன் புரதங்கள் கூடிச் செய்த பிடி. அதன் ஒரு பக்கம் குரோமோசோமின் இடுப்பில், டிஎன்ஏ சுற்றிய ஒரு மணியைப் பற்றிக்கொள்ளும். மறுபக்கம் கயிற்றின் நுனியைப் பற்றிக்கொள்ளும். நுனியோ சும்மா இருக்காது. வளரும், தேயும், மறுபடி வளரும். ஓடுகிற நுனியை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பிடி தவறினால் ஒரு செல்லுக்கு ஒன்று கூடும், இன்னொன்றுக்கு ஒன்று குறையும். பெரும்பாலும் அதோடு அந்தச் செல்கள் முடிந்தன.

எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. லிஃப்ட் கயிறு எங்கே தேய்ந்திருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் அது எங்கே மாட்டியிருக்கிறது என்பதையும் பார்க்கிறவள்.

அம்மாவின் பங்கு, அந்தப் பிடியில் மணியைப் பற்றும் பகுதி. சில புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டு. அதில் ஒரு புரதத்துக்கு நீளமான வால். மற்றவற்றுக்கெல்லாம் மடிப்பும் உருவமும் உண்டு. வாலுக்கு எதுவும் கிடையாது. நூல் மாதிரி அலையும். கண்டதில் எல்லாம் ஒட்டும். செல்லை உடைத்ததும் அதற்குள்ளிருந்து வெளிவரும் நொதிகள் முதலில் அதைத்தான் கடிக்கும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நீளத்தில் மிஞ்சும். பல வருஷம் இதே பாடு. ஆய்வுக்கூடத்தின் தலைவர் கைகழுவிவிடலாம் என்று இருந்தபோது அம்மாதான் சொன்னாள்.

"சார், வாலை வெட்டிட்டுப் பாப்போமா?"

அந்தத் தொழிலில் அது தப்பில்லை. எல்லோரும் செய்வதுதான். படத்துக்கு உட்காராத பகுதியை வெட்டிவிட்டு, உட்காருகிற பகுதியைப் படமெடுப்பார்கள். வால் இல்லாத கூட்டு சமர்த்துப் பிள்ளையாக வந்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அழகாக விழுந்தது. மடிப்பு மடிப்பாக, வளையம் வளையமாக. அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தாழ்வாரத்தில் மாட்டினார்கள். அம்மாவுக்குக் கத்திரி அக்கா என்று பட்டப்பெயர் வந்தது. அதைச் சூட்டியவர் நுண்ணோக்கியைப் பார்த்துக்கொள்கிற ஐஸ்காரர். எந்நேரமும் புகையும் திரவ நைட்ரஜன் பாத்திரத்தோடு நடப்பதால் அவருக்கு அந்தப் பெயர். அதைச் சூட்டியவள் அம்மா.

சில வருஷம் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். பிறகு வேறு எங்கோ வேறு யாரோ, அந்த வால் இல்லாத புரதத்தை உயிருள்ள செல்லில் போட்டுப் பார்த்தார்கள். பிடி மிதந்து போயிற்று. குரோமோசோம்கள் வழி தெரியாமல் நடுவில் நின்றன. அம்மாவும் தன் பங்குக்குச் சோதித்தாள். மணியோடு கலந்து ஒரு தடவை அலசினாள். எல்லாம் கழன்று தண்ணீரோடு போயிற்று.

வால்தான் மணியைப் பிடிக்கிறது. அவள் வெட்டச் சொன்னது கையை.

தலைவர் நல்ல மனிதர். "படம் தப்பில்லையேம்மா. இருக்கறதைத்தானே காட்டுது" என்றார்.

"கொக்கி இல்லாத சங்கிலிய மாட்டி வெச்சிருக்கோம் சார்."

"அப்படித்தான் ஒவ்வொண்ணா தெரியவரும். அடுத்தவங்க பாத்துப்பாங்க."

அடுத்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அம்மாவால் ஒரு நாளும் ஏற்க முடிந்ததில்லை. அன்றிலிருந்து அந்தப் படம் இருக்கும் தாழ்வாரம் வழியாக அவள் போவதில்லை. பின்பக்கப் படி ஏறிச் சுற்றிக்கொண்டு போவாள்.

"ஏங்க்கா, படம் உங்களக் கடிக்குமா?" என்பார் ஐஸ்காரர்.

"உன் ஐஸ மொதல்ல ஒழுங்கா பாரு. நேத்து துளி வெக்கிற செம்பு வலைல பாதி உறைஞ்சு பனிமலை மாதிரி இருந்துச்சு."

"பனிமலையா இருந்தா என்ன, நீங்கதான் ஏறி எறங்கிடுவீங்களே."

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. வாலோடு கூடிய முழுக் கூட்டு, மணியைப் பிடித்தபடி ஒரு முறை படத்தில் விழ வேண்டும். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் முயன்றுகொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் நொதிகள் முந்திக்கொண்டன.

அப்போதுதான் அவள் மார்பில் கட்டி வந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்ததும் மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. மருந்தின் பெயரைச் சொன்னார். அம்மா முகத்தில் எதுவும் தெரியவில்லை. வெளியே வந்து, ஆஸ்பத்திரி நடைபாதையில் எனக்கு முன்னால் வேகமாக நடந்தபடி சொன்னாள்.

"நம்ம கயித்த விறைக்க வைக்கிற மருந்துடி அது."

"மெதுவா நடம்மா. என்ன கயிறு?"

"செல்லுக்குள்ள இருக்கற கயிறு. மருந்து போய் அதைப் புடிச்சுக்கும். நீளவும் விடாது, சுருங்கவும் விடாது. கயிறு வேலை செய்யலைன்னா செல் பிரியாது. அப்படியே காத்துக்கிட்டு நிக்கும்."

"எதுக்குக் காத்திருக்கும்?"

"எல்லாம் புடிச்சாச்சான்னு. ஒண்ணு பாக்கி இருந்தாக்கூட பிரியாது."

"புடிச்சாச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா நின்றாள். அவள் நிற்பது அபூர்வம். என் பையின் வாரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"இப்படித்தான். ரெண்டு பக்கமும் இழுத்துப் பாக்கும். விறைப்பா நின்னா சரி. தொளதொளன்னு வந்தா விட்டுட்டு மறுபடி புடிக்கும்."

"எத்தன தடவ?"

"புடிக்கற வரைக்கும். இந்த மருந்து போட்டா எவ்வளவு இழுத்தாலும் சரியா வராது. காத்துக் காத்து செத்துடும். நல்ல மருந்துதான்" என்று மறுபடி நடந்தாள்.

மருந்து நரம்பையும் விடாது என்பது இரண்டாம் முறை ஏற்றியபோதுதான் எனக்குத் தெரிந்தது. நரம்புக்குள்ளும் அதே கயிறுகள்தான். நீளமான நரம்பு முதலில் அடிபடும். கால்விரல் மரத்தது. அடுத்து கைவிரல் நுனி. பொத்தான் போட முடியவில்லை. அம்மா சட்டைகளைத் தலைவழியாக மாட்டத் தொடங்கினாள். தேநீர்க் கோப்பை இரண்டு உடைந்தது. மூன்றாவதாக அப்பா எஃகு டம்ளர் வாங்கி வந்தார்.

"இதையும் ஒடச்சிடுவியா, பாக்கலாம்" என்றார்.

"நெளிச்சிடுவேன்" என்றாள் அம்மா.

அவள் தொழிலுக்கு விரல் நுனி வேண்டும். கடைசி வேலை, நகத்தைவிடச் சின்னதான ஒரு செம்பு வலையை இடுக்கியால் பிடித்து, அதன் மேல் ஒரு துளி வைத்து, உறிஞ்சுதாளால் ஒற்றி, கண்ணிமைக்கும் நேரத்தில் கடுங்குளிரில் முக்குவது. அழுத்தினால் வலை வளையும். விட்டால் விழும். மூன்றாவது முறை மருந்து ஏற்றினால் விரல் முழுசாகப் போகலாம், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா.

"தள்ளிப் போடலாமா?" என்றாள் அம்மா.

"ஒரு வாரம் தள்ளலாம். மரப்பு அதிகமானா நாங்களே இடைவெளி குடுப்போம்."

"ரெண்டு வாரம்?"

"வேணாம்மா."

நான் ஒரு வாரமும் வேண்டாம் என்றேன். வழியெல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வந்தும் சொன்னேன். அம்மா சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே காதில் வாங்கினாள்.

"உனக்கு உன் உசுரவிட அந்த வால் முக்கியமாம்மா?"

"உசுரு ஒரு வாரத்துல போகாதுன்னு அந்தம்மாவே சொல்றாங்க. விரல் போயிடும்டி."

"வேற யாராவது பண்ணட்டுமே."

"பண்ணட்டும். அடுத்த வருஷம் பண்ணட்டும். இந்த வாரம் நான் பண்றேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் நாற்காலியிலிருந்து அசையாமல், "விடு பாப்பா. கட்டிப்போட்டா கட்டிலையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போவா" என்றார்.

அந்த வாரத்தில் யாரோ ஒருவர் நுண்ணோக்கி நேரத்தை ரத்து செய்திருந்தார். ஐஸ்காரர் அதை அம்மாவுக்காகப் பிடித்து வைத்தார். அம்மா முகமூடி போட வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தலைவர் சம்மதித்தார். கூட இருந்தது நான். விடுப்பு எடுத்திருந்தேன். விதிப்படி நான் குளிர் அறைக்குள் போகக் கூடாது. ஐஸ்காரர் தன் தடித்த கோட்டைக் கழற்றித் தந்து, கதவைப் பார்க்காதவர் போலத் திரும்பிக்கொண்டார்.

முதல் முயற்சி தோற்றது. கூட்டைச் சுத்தம் செய்து, நீளத்தைச் சோதிக்கும் பசைத் தகட்டில் ஓடவிட்டாள். ஒரே பட்டையாகத் தெரிய வேண்டியது ஏணிப்படி மாதிரி படிப்படியாகத் தெரிந்தது. ஒவ்வொரு படியும் வெவ்வேறு இடத்தில் கடிபட்ட வால். அம்மா தகட்டைக் குப்பையில் போட்டாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். மறுபடி போட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் சோபாவில் படுத்திருந்தாள். படுத்திருந்தாலும் பாதம் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த ஆட்டத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வேறு எதையாவது பேச வேண்டும் என்று, அந்த வாரம் நான் விட்டுவந்த வேலையைப் பற்றிச் சொன்னேன். ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் கயிறு மாற்றுகிறார்கள். புதுக் கயிற்றை அளந்து வெட்டும்போது ஆட்கள் சரியாகக் கட்டாமல் வெட்டிப் பாழாக்கிவிட்டார்கள்.

"கட்டாமன்னா?"

"கம்பிக் கயிறும்மா. முறுக்கி முறுக்கித்தான இருக்கும். வெட்டறதுக்கு முன்னாடி, வெட்டற எடத்துக்கு ரெண்டு பக்கமும் மெல்லிசு கம்பியால சுத்தி இறுக்கிடணும்."

"முன்னாடியேவா?"

"பின்னாடி கட்டி என்ன பிரயோஜனம்? அதுக்குள்ள பிரிஞ்சு தொடப்பம் மாதிரி ஆயிடும்."

பாதம் நின்றது.

"முனை வெறுமன இருக்கவே கூடாதா?"

"ஒரு நிமிஷம்கூட."

அம்மா எழுந்தாள். "என் செருப்பு எங்க?"

"எங்கம்மா போற இப்ப?"

"நாங்க வால வெறுமன விட்டுட்டு, சுத்தமெல்லாம் பண்ணி முடிச்ச பின்னாடி மணியக் குடுக்கறோம். அதுக்குள்ள எல்லாம் கடிச்சு வெச்சிடுது. செல்ல உடைக்கும்போதே மணியக் கூடப் போட்டுட்டா? வாலுக்குப் புடிக்க ஒண்ணு கெடச்சா, புடிச்ச எடத்துல எந்த நொதிக்கும் பல்லு நுழையாது."

"காலைல போலாம்மா."

"காலைல உடைக்கணும்னா இப்பவே மணி செஞ்சு வெக்கணும். செருப்பு எங்கங்க?"

"உன் கால்லதான் இருக்கு" என்றார் அப்பா.

இருந்தது. கால் மரத்திருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் அந்தச் செருப்பைப் பார்த்தோம். முதலில் சிரித்தவள் அம்மாதான்.

மறுமுறை செல்களை உடைக்கும்போதே மணிகளையும் சேர்த்தாள். மூடிகளை நான் திறந்தேன். அவள் சொன்ன வரிசையில் குழாய்களை நீட்டினேன். குளிர் அறையில் என் பல் தந்தியடித்தது. அவள் நடந்தாள். அந்தச் சின்ன அறையில் போக மூன்று எட்டு, வர மூன்று எட்டு. சொட்டு விழும் போதெல்லாம் சரியாகக் குழாய்க்கு முன்னால் வந்து நின்றாள்.

பசைத் தகட்டில் இந்த முறை ஏணி இல்லை. வாலுக்கு உரிய உயரத்தில் ஒரே ஒரு தடித்த பட்டை. நான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கப் போனேன். "நீளம் சரியா இருக்குன்னுதான் அர்த்தம். புடிச்சிருக்குன்னு அர்த்தமில்ல" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

வலையில் ஏற்றுகிற வேலை மிஞ்சியது. ஐஸ்காரரின் அறையில், புகைகிற கிண்ணத்துக்கு முன்னால், அம்மா இடுக்கியை எடுத்தாள். முதல் வலை மேசைக்குக் கீழே எங்கோ போயிற்று. இரண்டாவது அவள் பிடியிலேயே மடிந்தது. அவள் அழுத்தியது அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாவதை எடுத்துக்கொண்டு, இடுக்கியையே உற்றுப் பார்த்தபடி நின்றாள். பிடித்திருக்கிறோமா என்பதை விரல் சொல்லவில்லை. கண்ணால்தான் தெரிந்துகொண்டாள். கண்ணை எடுத்தால் பிடி என்ன ஆகிறதென்று தெரியாது. துளியையும் பார்க்க வேண்டும், தாளையும் பார்க்க வேண்டும், கிண்ணத்தையும் பார்க்க வேண்டும்.

ஐஸ்காரர் கேலி எதுவும் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா இடுக்கியை அவரிடம் நீட்டினாள்.

"இந்தா. நீ புடி. நான் துளி வெக்கிறேன். எப்ப முக்கணும்னு சொல்றேன்."

"சரிக்கா."

"பனிமலை பண்ணிடாத."

"நீங்க இருக்கும்போது பண்ணுவேனா?"

துளியை அவள் வைத்தாள். அதற்கு விரல் நுனி அவ்வளவாக வேண்டியதில்லை. தாள் ஒற்றியது. அம்மா அந்த ஈரம் வற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். அவர் முக்கினார். மறுபடி ஒரு வலை. மறுபடி "ம்". ஒரு பெட்டி நிறைகிற வரை அந்த அறையில் வேறு சத்தமில்லை. அத்தனை நேரமும் அம்மா ஒரே இடத்தில் நின்றாள். நான் அவளை அப்படி அதற்கு முன் பார்த்ததில்லை.

வாரம் முடிந்தது. மருந்து ஏற்றினார்கள்.

நுண்ணோக்கி எடுக்கிற படத்தை நேராகப் பார்த்தால் சாம்பல் மூட்டம்தான். அதில் லட்சக்கணக்கான சின்னப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கூட்டு. அவற்றைத் திசைவாரியாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கணினி சராசரி எடுக்கும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிற பகுதி தெளிவாகும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி அலைகிற பகுதி கரைந்து காணாமல் போகும். மாதக்கணக்கான வேலை.

முதல் அடுக்கு வந்ததும் ஐஸ்காரர் வீட்டுக்கு வந்து தன் போனில் காட்டினார். உருண்டையாக மணி. பக்கத்தில் புகைமூட்டமாகக் கூட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

"வால் எங்க?" என்றாள் அம்மா.

"இப்பதானேக்கா ஆரம்பம். இன்னும் அலசணும்."

"பக்கத்துல இருக்கு, சரி. புடிச்சிருக்கா, சும்மா பக்கத்துல நிக்குதா?"

"தெரியலக்கா. ஆகும் கொஞ்சம் நாள்."

"ஆகட்டும்" என்று அவர் போனைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த கையை மறுபடி நீட்டி வாங்கி, இன்னொரு முறை பார்த்தாள்.

மூன்றாவது மருந்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் இறங்கியிருந்தன. அந்த மருந்தில் அது நடக்கக்கூடியது. காய்ச்சல் தொற்றாயிற்று. தொற்று நிற்கவில்லை. அந்த ஒரு வாரத்தால் இல்லை என்றார் டாக்டரம்மா. நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவைக் கட்டிலில் வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. ஊசிக்குழாயோடு எழுந்து ஜன்னல் வரை போய்விடுவாள். நர்ஸ் திட்டுவார். "சும்மா போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்பாள், ஏதோ ஊருக்குப் போய்வந்தவள் மாதிரி. பிறகு ஜன்னல் வரை போகவில்லை. பிறகு பாதம் மட்டும் போர்வைக்குள் ஆடியது.

ஒரு நாள் மத்தியானம் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேம்மா."

"தெரியலடி."

நான் அவள் கையை மெல்ல இழுத்தேன். தோள் வரை அந்த இழுப்பு போனது. அவளும் பதிலுக்கு இழுத்தாள். பலமில்லை. ஆனால் இழுத்தாள்.

"ம்" என்றாள்.

மறுநாள் காலை போய்விட்டாள்.

அதன் பிறகு நான் வேலைக்குப் போனேன். லிஃப்ட் கூண்டுகளின் மேல் ஏறி நின்று கயிற்று முனைகளைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. இறங்கி வந்து மறுபடி ஏறிப் பார்த்தேன். கூட வந்தவர், "மேடம், இதை இப்பதான பாத்தீங்க" என்றார். ஒரு கேள்வி மட்டும் தீராமல் இருந்தது. அது அம்மாவுடைய கேள்வி, என்னிடம் வந்துவிட்டது. பிடித்திருந்ததா, சும்மா பக்கத்தில் நின்றதா?

படம் அனுப்பச் சொல்லிக் கேட்ட தலைவர் இன்னொன்றும் சொன்னார். "ஒரு தடவை நேர்ல வாங்க. போன்ல சொல்ல முடியாது."

போனேன். எனக்கும் அந்தத் தாழ்வாரம் வேண்டாம் போலிருந்தது. பின்பக்கப் படி ஏறினேன்.

ஐஸ்காரரின் அறையில் பெரிய திரை. தலைவர் பின்னால் நின்றார். திரையில் மணி தெரிந்தது. டிஎன்ஏ அதைச் சுற்றியிருப்பது தனித்தனி வரியாகத் தெரிந்தது. தள்ளி மேலே கூட்டு, மடிப்பு மடிப்பாக, தாழ்வாரத்துப் படத்தில் இருந்த அதே உருவம். ஐஸ்காரர் மணியைத் திருப்பினார். அதன் முகத்தில் ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்துக்குள் மெல்லிய இழை ஒன்று படுத்திருந்தது. குட்டையாக, வளைந்து, இரண்டு இடத்தில் உள்ளே ஊன்றியபடி.

"இதுதான்" என்றார்.

"வாலா?"

"வாலோட நுனிப் பக்கம். லட்சம் படத்துலயும் ஒரே மாதிரி இங்கயே இருக்கு. கொஞ்சம்கூட நகரல. புடிச்சிருக்கு."

நான் அந்த இழைக்கும் மேலே இருந்த கூட்டுக்கும் நடுவில் பார்த்தேன். வெறும் கறுப்பு.

"மிச்ச வால் எங்க? கடிச்சிடுச்சா?"

"இல்லல்ல. பட்டை முழுசாதான இருந்துச்சு, நீங்களே பாத்தீங்களே. மிச்சமும் அங்கதான் இருக்கு. ஓடிக்கிட்டே இருக்கு, அதான் விழல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கத்திரி அக்கா இருந்தா இப்ப என்னைத் திட்டியிருப்பாங்க, இவ்வளவு நாள் எடுத்துக்கிட்டதுக்கு."

"பழைய படத்தை எடுத்துட்டு இதை மாட்டப்போறோம்" என்றார் தலைவர். "பக்கத்துல உங்கம்மா படம்."

"நல்ல படம் எதுவும் இல்ல சார்."

"எது இருக்கோ அதைக் குடுங்க."

வீட்டுக்கு வந்து மறுபடி எல்லாப் படங்களையும் மேசையில் பரப்பினேன். அப்பா எதிரில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒதுக்கினோம். கடைசியில் ஒன்று என் கையில் நின்றது. எடுத்தது நான்தான், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா பின்னால் நிற்கிறாள். எங்கோ கிளம்பிவிட்டாள். முகம் கோடு கோடாக ஓடுகிறது. தோளும் ஓடுகிறது. நாற்காலி முதுகைப் பற்றியிருக்கும் வலது கை மட்டும் அப்படியே இருக்கிறது. நகத்தின் வெள்ளைகூடத் தெரிகிறது.

"இதையா அனுப்பப் போற?" என்றார் அப்பா. "மூஞ்சியே தெரியலையே."

"கை தெரியுதுப்பா."

அவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆமா" என்றார். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எழுந்துக்கலாம்னு பாத்தேன். என் சட்டையையும் சேத்துப் புடிச்சிருந்தா. விடல."